அறுநூற்றுப் பதினாலாம் எண் வாய்

நீதிபதி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நாப்பத்திரண்டு நாள்" என்றார். கல்யாணத்துக்கு நாள் குறிப்பதுபோல அவ்வளவு நிதானமாகக் குறித்தார். அதற்குள் இருவரில் யாருக்காவது மனம் மாறினால் ஒரே ஒரு கடிதம் எழுதி அலுவலகத்தில் கொடுத்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். யாரும் எழுதாவிட்டால் விவாகரத்து உத்தரவு தானாக வீடு வந்து சேரும். சட்டத்துக்கு எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். இருபத்திரண்டு வருடத்தில் வராத புத்தி நாற்பத்திரண்டு நாளில் வந்துவிடுமாம்.

பல்லக்கா தலையை ஆட்டினாள். பக்கத்தில் நின்ற அவள் கணவரும் ஆட்டினார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். பல்லக்கா என்பதும் தெரு வைத்த பெயர்தான். பொய்ப்பல் செய்யும் லேபில் அவளுக்கு இருபது வருட வேலை. தெருவில் பாதிக் கிழடுகள் சிரிக்கிற சிரிப்பு இவள் கைவேலை. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். போன சொல்லைத் திருப்பிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு.

நாள் குறிப்பதற்கு முன்னால் நீதிபதி ஒரு கேள்வி கேட்டிருந்தார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வேற யாராவது இருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"யாரும் இல்லைங்கம்மா. எனக்குத் தனியா இருக்கணும்னு தோணுது. அவ்வளவுதான்" என்றார் லிஃப்ட்காரர். குரல்கூட உடைந்தது. பல்லக்காவுக்கே ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது.

அது அப்படியே காகிதத்தில் ஏறியது. இரு தரப்பிலும் குறை ஏதுமில்லை, மூன்றாம் நபர் எவரும் இல்லை, மனம் ஒத்துப்போகாமையே காரணம். அதன் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். வற்புறுத்தி வாங்கியதில்லை. நம்பிப் போட்டாள்.

நம்பாமல் என்ன செய்வாள்? நான்கு வருடத்துக்கு முன் கருப்பையை எடுக்கிற ஆபரேஷனுக்காக அவள் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். அந்த ஒன்பது நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினவர் அவர். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது அவர் வழக்கம். சரளைக் கல்லில் சைக்கிள் ஓட்டுகிற சத்தம். நர்சுகள் வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். நடுவில் எங்காவது லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்று ஃபோன் வரும், ஓடுவார், விடிவதற்குள் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காருவார். உறவுக்காரர்கள் யாராவது அவரைக் குறை சொன்னால், "அந்த ஒன்பது நாளு போதும் எனக்கு" என்று வாயை அடைத்துவிடுவாள்.

சொன்னால் வெட்கக்கேடு, அவள் காத்திருந்தது விவாகரத்துக்காக இல்லை. அவர் எழுதப்போகும் அந்தக் கடிதத்துக்காக.

ஆதாரம் இல்லாமல் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் அவர் இரண்டு பெட்டியோடு வீட்டைவிட்டுப் போனபோது நைட்கார்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நைட்கார்டு என்பது தூங்கும்போது பல்லுக்கு மேல் மாட்டிக்கொள்கிற கண்ணாடி மாதிரியான தட்டு. பல் தேயாது, சத்தமும் வராது. அவள் கையால் செய்து கொடுத்தது. குளியலறை அலமாரியில் நீல டப்பாவுக்குள் அது அப்படியே இருந்தது. அவர் அதை ஒழுங்காகப் போட்டதே இல்லை என்பது வேறு விஷயம். அவளும் வற்புறுத்தியதில்லை, ஏனென்றால் அந்தச் சத்தம் இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவர் போன பிறகு மின்விசிறி கிறீச்சிட ஆரம்பித்தது. அதை அவள் சரி செய்யவில்லை. ஏதோ ஒரு சத்தம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

நைட்கார்டை விட்டுவிட்டுப் போன மனுஷன் எவ்வளவு தூரம் போய்விடுவான்? இது அவள் கணக்கு.

இன்னொரு ஆதாரம் சாப்பாட்டு டப்பா. கல்லூரியில் படிக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவைப் பார்க்கப் போவாள். தனியாளாகக் கிடந்து கடைச் சோற்றில் வயிற்றைக் கெடுத்துக்கொள்வாரே என்று பல்லக்கா மூன்றடுக்கு டப்பாவில் கட்டிக் கொடுப்பாள். சாயங்காலம் டப்பா திரும்பி வரும். வெறுமனே வராது. விளிம்பில், மூடியின் மடிப்பில், எங்கும் ஒரு பிசுக்கு இல்லாமல் பளபளவென்று வரும். இருபத்திரண்டு வருடம் ஒரு டம்ளரைக் கழுவாத ஆள். தனிமை நல்ல வாத்தியார்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் வாரம் போயிற்று. இரண்டாவது, மூன்றாவதும் போயின. தபால்காரர் மின்சாரக் கட்டணச் சீட்டைத் தவிர ஒன்றும் கொண்டுவரவில்லை.

இருபத்தாறாம் நாள் லேபுக்கு அந்தப் பெட்டி வந்தது.

லேபு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நகல் எடுக்கிற கடைக்குப் பின்னால் ஒரு கீழ்த்தளம், மூன்று மேசை, வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். எங்கு தொட்டாலும் பிளாஸ்டர் தூள். ஒரு மேசை முதலாளிக்கு. அவர் இரண்டு கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர். அடுத்தது பல்லக்காவுக்கு. மூன்றாவது மேசையில் இருப்பவன் ரெட்டைப்புள்ளி. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் ஓயாது.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. செய்த வேலை எதிலும் கடைசிப் பல்லுக்குப் பின்னால், விளிம்பு ஓரமாக, ஒரு சின்னப் புள்ளி வைப்பது இந்த லேபு வழக்கம். வேலை பழுதாகித் திரும்பி வந்தால் யார் கை என்று தெரிய வேண்டும் அல்லவா? பல்லக்காவுக்கு ஒரு புள்ளி, அவனுக்கு இரண்டு. முதலாளி புள்ளியே வைப்பதில்லை. தன் வேலை திரும்பி வராது என்பது அவருடைய முடிவு.

நைட்கார்டு செய்து கொடுத்த நாளில் லிஃப்ட்காரர் இந்தப் புள்ளியைத்தான் முதலில் கண்டுபிடித்தார். "என்ன இது, நாக்குல தட்டுது? ராவி விட்டுடு."

"யாரு செஞ்சதுன்னு தெரியணும்ல" என்றாள் அவள்.

"என் வாய்க்குள்ள வந்து யாரு பார்க்கப் போறா?"

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்ட காலமும் இருந்தது.

இருபத்தாறாம் நாள் வந்த பெட்டி வழக்கமான டாக்டர்களிடமிருந்து வந்ததில்லை. பாலம் தாண்டி ஊரின் அந்தப் பக்கம் இருக்கிற வேறொரு லேபில் மெஷின் கெட்டுவிட்டதாம். பத்து நாள் வேலையை இந்த முதலாளியிடம் தள்ளிவிட்டார்கள். பெட்டியில் பெயர் எதுவும் இருக்காது, எண் மட்டும்தான். பல்லக்கா மேலே இருந்ததை எடுத்தாள். அறுநூற்றுப் பதினாலு. டாக்டர் பல்வரிசையைப் பதிய வைத்து அனுப்பியிருந்த அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, முக்கால் மணி நேரம் இறுக விட்டு, மெதுவாகப் பிரித்து எடுத்தாள்.

அவர் வாய்.

மேலே வலப்பக்கம் இரண்டாவது பல், கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி கொஞ்சம் திரும்பி நிற்கும். முன்பல்லில் ஸ்பானர் பட்டு உடைந்த மூலை. கீழே இடப்பக்கக் கடைவாயில் ஒரு கிரவுன். மகள் பிறந்த வருடம் பழகுகிற கையோடு அவளே செய்தது, ஒரு பள்ளம் மட்டும் ஆழமாகிப் போயிருக்கும். எல்லாம் அங்கே இருந்தது. பெற்ற தாய்க்குக்கூடப் பிள்ளையின் பல்வரிசை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது.

கூட வந்த சீட்டைப் பிரித்துப் படித்தாள். "ஆண், 49. உறக்கத்தில் பல் கடிக்கிறார். மனைவிக்குத் தூக்கம் கெடுகிறது. இரண்டு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். நைட்கார்டு தேவை. கெட்டியாகச் செய்யவும்."

நீங்களும் நானும் இதைப் படித்தால் நமக்கு என்ன தோன்றும்? அவளுக்கு அது தோன்றவில்லை. அவள் முட்டாள் இல்லை. காத்துக்கொண்டிருப்பவள், அவ்வளவுதான்.

மனைவி என்றால் யார்? நாற்பத்திரண்டு நாள் முடிகிறவரை சட்டப்படி ஒரே ஒருத்திதான். இரண்டு வருடம் என்ற கணக்கும் அவளுக்கு அழகாகப் பொருந்தியது. இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் அவர், "நான் பல்லைக் கடிச்சு உன் தூக்கத்தைக் கெடுக்கறேன்" என்று சொல்லிப் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். அவள் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. ஆனால் மனுஷன் மனசில் அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத்தான் போய் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். கெட்டியாகச் செய்யச் சொல்லியிருக்கிறார். எதற்கு? திரும்பி வந்தால் அவள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்கு.

அன்று பிற்பகல் முழுவதும் அவள் அறுநூற்றுப் பதினாலைத்தான் செய்தாள். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் வாய்போல அசைகிற இரும்புச் சட்டத்தில் பொருத்தி, திறந்து மூடிப் பார்த்து, மெழுகு வைத்து, வார்த்து, வேகவைத்து எடுத்தாள். இருபத்திரண்டு வருடமாகக் காதால் கேட்ட கடி. கண்ணை மூடிக்கொண்டே செய்திருப்பாள்.

"என்னக்கா, பாட்டெல்லாம் வருது?" என்றான் ரெட்டைப்புள்ளி. "கோர்ட்டுக்குப் போனவங்க இப்படிச் சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்ல. எனக்கும் ஒரு வக்கீல் நம்பர் குடுங்க."

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்றேன் இரு" என்றாள். முதலாளிகூடத் தலை நிமிர்ந்து, இரண்டு கண்ணாடிக்குள்ளிருந்தும் பார்த்துச் சிரித்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கூடத்துக் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தாள். இனி அது வேண்டாம். அவருடைய அலமாரியில் திணித்திருந்த பழைய துணிகளை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தாள். மகள் வந்து கதவைத் திறந்தபோது பல்லக்கா நாற்காலிமேல் ஏறி நின்று மின்விசிறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இதெல்லாம்?"

"உங்க அப்பா வரப் போறாரு."

மகள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "அவர் சொன்னாரா?"

"வாய் சொல்லாட்டி என்ன, பல்லு சொல்லிருச்சு." அவள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, பெட்டி வந்த கதையை, சீட்டில் எழுதியிருந்ததை, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மனைவிக்குத் தூக்கம் கெடுகிறதாம் என்று சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் எப்பச் சொன்னேன் அப்படி? அதுவா நெனச்சுக்கிட்டு டாக்டர் வரைக்கும் போயிருக்கு பாரு அந்த மனுஷன்."

மகள் செருப்பு அலமாரி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா. அந்த மனைவி நீ இல்லம்மா."

எண்ணெய் டப்பா பல்லக்காவின் கையில் இருந்தது. அவள் அதன் மூடியைத் திருகி மூடினாள். சரியாக மூடியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை டப்பாவை யாரு கழுவுனது?"

மகள் அழ ஆரம்பித்தாள். அதுதான் பதில்.

விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஏதோ ஓர் அலுவலகக் கட்டடத்தில் வரவேற்பு மேசையில் உட்காருகிற பெண். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்க்கப் போனவர்தான். வாரத்துக்கு மூன்று தடவை யாராவது மாட்டிக்கொள்கிற லிஃப்ட் அது. உலகத்தில் எந்த லிஃப்டும் அத்தனை தடவை நின்றதில்லை, பல்லக்காவுக்கு அது உறைக்கவும் இல்லை. மகளுக்கு அப்பா வீட்டை விட்டுப் போன மாதமே தெரியும். அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை மூன்று பேரும் பங்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் ருசியாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாளாம்.

"ஏன்டி சொல்லல?"

"ஆர்டர் வந்ததும் நானே அம்மாகிட்ட சொல்றேன்னு அப்பா சொன்னாரு. இப்பச் சொன்னா நீ கையெழுத்துப் போடமாட்டேன்னு…" மகள் நிறுத்தினாள். "நீ விடுபட்டா நல்லதுன்னு நானும் நெனச்சேம்மா."

"ஓ, எனக்கு நல்லது பண்ணீங்களா, ரெண்டு பேரும் சேர்ந்து."

அதன் பிறகு அவள் மகளோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே சோற்றை ஆக்கிப் போட்டவளே இவள்தான். கட்டின புருஷன் செய்தால் துரோகம் என்று சொல்லித் தொலைக்கலாம். பெற்ற பிள்ளை வாரா வாரம் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா நல்லா இருக்காரும்மா" என்று சொன்னதற்கு என்ன பெயர் வைப்பது? அந்த டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்தாள்.

அழுதாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆனால் அழுகைக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள், மனுஷ மனசு அப்படித்தான். இருபத்திரண்டில் இரண்டு போய்விட்டது. சரி. மிச்சம் இருபது வருடம் அவளுடையது. மகள் பிறந்தது அந்த இருபதில். வீடு மாற்றியது அந்த இருபதில். ஆஸ்பத்திரியும் அந்த ஒன்பது நாளும் அந்த இருபதில். அதை யாரும் தொட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்தவர் அப்போது நல்ல மனுஷராகத்தான் இருந்தார், பிறகுதான் கெட்டுப்போனார். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து வேலைக்குப் போனாள்.

இருபத்தெட்டாம் நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனாள். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் ஓர் எழுத்தர் ரப்பர் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த உத்தரவுல ஒரு வரி மட்டும் மாத்தணும்."

"எந்த வரி?"

"மூன்றாம் நபர் எவரும் இல்லைன்னு இருக்கே, அது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தினமும் பத்து முகம் இப்படிப் பார்க்கிறவர். "அம்மா, கடிதம் குடுத்தா எல்லாத்தையும் நிறுத்திடலாம். அப்புறம் புதுசா வழக்குப் போட்டு, சாட்சி வெச்சு, நிரூபிச்சு, ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீங்க அவர் மனைவிதான். இல்லேன்னா விட்டுடலாம். ஒரு வரியை மட்டும் மாத்தறதுக்கு இங்க வழி இல்லம்மா."

அவள் யோசித்தாள். நிறுத்தினால் அந்த வாயை இன்னும் மூன்று வருடம் தன் பெயரோடு கட்டி வைத்திருக்க வேண்டும். அது அவளுக்கு வேண்டாம், திரும்பி வந்தாலும் வேண்டாம். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாரும் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்ன அந்த வாய், இருக்கிறது என்று ஒரு தடவை அவளிடம் சொல்ல வேண்டும். மகள் வழியாக இல்லை, சீட்டு வழியாக இல்லை. அதற்கு எந்த அலுவலகத்திலும் விண்ணப்பப் படிவம் இல்லை.

"விட்டுடறேன் சார்" என்று சொல்லிவிட்டு லேபுக்கு வந்தாள்.

அறுநூற்றுப் பதினாலு இன்னும் மெருகு போடாமல் மேசையில் கிடந்தது. சந்தோஷத்தில் செய்த வேலை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வலப்பக்கக் கடைவாயில் ஓர் அரை மில்லிமீட்டர் உயரத்தைக் கூட்டிவிட்டாள். கடி சரிபார்க்கிற நீலத்தாளை நடுவில் வைத்துச் சட்டத்தைக் கடிக்க வைத்தாள். வலப்பக்கம் மட்டும் நீலம் பதிந்தது, மற்ற எல்லாப் பல்லும் வெறுமனே நின்றன. அரை மில்லி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் போட்டுக்கொண்டு படுத்தால் ஒரு வாரத்தில் காதுக்குக் கீழே வலி பிடிக்கும், அப்புறம் தலைவலி. எந்த டாக்டரும் சட்டென்று காரணம் கண்டுபிடிக்க முடியாது. சாகட்டும் என்று அவள் மனதார நினைத்தாள்.

அப்படியே கால் மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒற்றைப் புள்ளி இருந்தது. இருபது வருடத்தில் அந்தப் புள்ளி வைத்த எதுவும் கடி சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. இவ்வளவு கொடுத்தாகிவிட்டது, இதையும் அந்த ஆளுக்காகக் கொடுக்க வேண்டுமா? அரத்தை எடுத்து அந்த அரை மில்லியைத் தேய்த்து எடுத்தாள். மறுபடி நீலத்தாள் வைத்தாள். எல்லாப் பல்லிலும் கடுகளவு கடுகளவாக நீலம் ஒரே மாதிரி விழுந்தது.

புள்ளியையும் தேய்த்து எடுத்துவிட்டால் யார் செய்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் புத்திசாலி. இந்த லேபுக்கு எந்தெந்த டாக்டர் வேலை அனுப்புவார் என்று மனப்பாடம் ஆனவர், அதனால்தான் பாலம் தாண்டிப் போயிருக்கிறார். யானைக்கும் அடி சறுக்கும். பல்லக்கா புள்ளியைத் தொடவில்லை. மெருகு போட்டு, கழுவி, டப்பாவில் வைத்து, முதலாளி மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

முதலாளி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கேம்மா. ஆளைப் பார்த்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

"அச்சு நல்லா எடுத்திருந்தாங்க சார்" என்றாள்.

நாற்பத்தோராம் நாள், மதியச் சாப்பாட்டு நேரம். ரெட்டைப்புள்ளி வெளியே போயிருந்தான். அவள் ஃபோன் அடித்தது. லிஃப்ட்காரர்.

"நீ செஞ்சதா அது?"

"புள்ளி இருந்துச்சா?"

"…இருந்துச்சு." பின்னால் எங்கோ இரும்புக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது, ஏதோ கட்டடத்தில் வேலையில் இருந்தார். "உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு புரிஞ்சுது. நானே வந்து சொல்லணும்னுதான் இருந்தேன்."

அவள் மேசைமேல் இருந்த பிளாஸ்டர் தூளைக் கையால் ஓரமாக ஒதுக்கினாள்.

"நாளையோட நாள் முடியுது. நீ… கடிதம் ஏதும் எழுதிக் குடுக்கப் போறியா?"

கடிதம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வருமா என்றுதான் முதல் இருபத்தாறு நாளும் அவள் காத்திருந்தாள். வந்துவிட்டது. அவர் எழுத மாட்டார், அவளும் எழுதிவிடக் கூடாதே என்ற பயத்தில் வந்திருக்கிறது.

"கடி எப்படி இருக்கு?" என்றாள்.

"என்னது?"

"உசரமா எங்கயாவது இடிக்குதா? காலையில எழுந்தா தாடை வலிக்குதா?"

"இல்ல, இல்ல. நல்லா இருக்கு."

"சத்தம்?"

"வரலைங்கறா."

அந்த ஒரு வார்த்தையை அவள் விழுங்கிக்கொண்டாள். "நான் எழுதல. ஆனா ஒண்ணு. ஜட்ஜம்மா கேட்டதை இப்ப நான் கேக்கறேன். வேற யாராவது இருக்காங்களா?"

"அதான் தெரிஞ்சிருச்சே, இனிமே எதுக்கு…"

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லணும்."

பின்னால் அந்த இரும்புக் கதவு இன்னொரு தடவை மூடியது. பிறகு, "இருக்காங்க" என்றார். "தப்புதான். உன்கிட்ட மறைச்சிருக்கக் கூடாது."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அத்தோடு ஃபோனை வைத்திருக்கலாம். ஆனால் கடி சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை நீலத்தாள் வைத்துப் பார்க்கிறவள் அவள். தொழில் புத்தி.

"ரெண்டு வருஷமா?" என்று கேட்டாள்.

குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆண்பிள்ளைக்கு அடுத்த நிமிடமே உண்மை பேசுகிற வெறி வந்துவிடுகிறது. அதுவரை பிடித்த பாரத்தை எதிரில் இருப்பவர் தலையில் இறக்கி வைத்துவிட்டு லேசாகிவிடுவான். "உன்கிட்ட இனிமே பொய் எதுக்கு" என்றார் அவர். "ரெண்டுங்கறது அவ வீட்டுல தங்க ஆரம்பிச்சது. பழக்கம் அதுக்கு முன்னாடியே. உனக்கு ஆபரேஷன் ஆச்சே, அந்த வருஷம். நாலு வருஷம் இருக்கும்."

பல்லக்கா எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்று அவர் எத்தனை தடவை ஓடினார் என்று எண்ண ஆரம்பித்தாள். நாலு தடவை. ஒருவேளை ஐந்து. விடிவதற்குள் வந்துவிடுவார். வந்ததும் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார், கை சில்லென்று இருக்கும்.

"இருக்கியா?" என்றார் அவர்.

"வேலை இருக்கு" என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

நீதிமன்ற அலுவலகம் ஐந்து மணிவரை திறந்திருக்கும். மறுநாளும் திறந்திருக்கும். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் முதலாளி மேசையிலேயே கிடந்தன. அவள் எடுக்கவில்லை. எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், இருவரில் ஒருவராவது சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா?

அதற்கடுத்த வாரம் தபால்காரர் உத்தரவைக் கொண்டுவந்தார். மகள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் அம்மா முன்னால் வைத்துவிட்டு நின்றாள். பல்லக்கா பிரித்துப் படித்தாள். இரு தரப்பிலும் குறை ஏதுமில்லை, மூன்றாம் நபர் எவரும் இல்லை. கீழே வட்ட முத்திரை, கொஞ்சம் கலங்கலாக.

"அம்மா, ஏதாவது பேசும்மா" என்றாள் மகள்.

"அப்பா ஆஸ்பத்திரியில என் பக்கத்துல இருந்தாரே, உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. ஒன்பது நாளும் இருந்தாரு. நான் ஸ்கூல்லேருந்து நேரா வருவேன், அப்பா நாற்காலியிலேயே தூங்கிட்டிருப்பாரு." மகள் அவசர அவசரமாகச் சொன்னாள், நல்லதாகச் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டதே என்று.

பல்லக்கா தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தை மடித்தாள். அந்தப் பிள்ளையிடம் அவள் நாலு வருடக் கணக்கைச் சொல்லவில்லை. அந்த ஒன்பது நாளாவது அதற்கு மிஞ்சட்டும்.

தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று ஒரு பழமொழி உண்டு. சொன்னவர் முழுகிப் பார்த்தவராக இருக்க முடியாது. சீட்டில் இரண்டு என்று எழுதியிருந்தது. இரண்டு வருடத்துக்குத்தான் அவள் அழுது முடித்திருந்தாள்.